டொராண்டோவின் ஸ்காபரோவில் 'யெஸ்' படும் பாடு

கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழருக்கு ஆங்கிலத்தில் சம்மதிக்கவும் மறுக்கவும் சொல்லிக்கொடுக்கிறீர்களா? பாடநூலில் இதற்கென இருக்கும் இரண்டு பட்டியல்களை முதல் வகுப்பில் தொடாதீர்கள். நம்மவர் இடறுவது எதிர்மறைக் கேள்வியில்.

"நேற்று வேலைக்கு வரேல்லையோ?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்தவர் "ஓம், வரேல்லை" என்பார். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கே அந்த 'ஓம்'. மேற்பார்வையாளர் "டிடின்ட் யூ கம் யெஸ்டர்டே?" என்று கேட்கும்போதும் அதே பழக்கத்தில் "யெஸ்" வந்துவிடும். அவரோ ஆள் வேலைக்கு வந்ததாக எடுத்துக்கொள்வார். ஆங்கில விதி இதுதான்: வந்திருந்தால் யெஸ், வராவிட்டால் நோ. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பதில் மாறாது. விதியைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த கேள்விக்கே "யெஸ், ஐ டிடின்ட்" என்பார்கள். அதனால் பதிலின் வாலை முதலில் சொல்லவையுங்கள்: "ஐ டிடின்ட்." அது வாயில் படிந்தபின் முன்னால் "நோ" சேர்க்கட்டும். காலைச் சாப்பாடு, பஸ், பிள்ளைகளின் பள்ளி என்று பத்து எதிர்மறைக் கேள்விகளை அட்டைகளில் எழுதி, இருவர் இருவராக மாறிமாறிக் கேட்கவிட்டால் போதும். "டு யூ மைண்ட்" என்று தொடங்கும் கேள்வியை அன்றைக்கே சேர்க்காதீர்கள். 'ஆட்சேபம் உண்டா' என்று கேட்பதால் அதில் அனுமதி கொடுப்பதற்கே "நோ, கோ அஹெட்" என்று சொல்ல வேண்டும், இரண்டும் குழம்பிப்போகும்.

அடுத்தது, 'ம்' கொட்டுவதற்குப் பதிலாகச் சொல்லும் "யெஸ், யெஸ்". கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காகச் சொல்வதை, விளங்கியது, ஒப்புக்கொண்டேன் என்றே பொருள்கொள்வார்கள். தொழிற்சாலையில் இது ஆபத்து. கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழக்குங்கள்: "ஸோ ஐ ஸ்டாப் த மெஷின் ஃபர்ஸ்ட், ரைட்?"

மறுப்புக்கு மூன்று அடி போதும்: அவர் சொன்னதில் ஒரு பங்கை ஏற்பது, காரணம், மாற்று வழி. "ஐ சீ வாட் யூ மீன், பட் சாட்டர்டே இஸ் ஹார்ட் ஃபார் மீ. கேன் ஐ டூ சண்டே?" தமிழில் "நீங்க சொல்றது சரிதான், ஆனா..." என்று இழுப்பவர்களுக்கு இது புதிதல்ல. மாற்று வழிதான் பெரும்பாலும் விடுபடும்; அது இல்லாத மறுப்பு முறைப்பாடு போலத் தொனிக்கும். "யூ ஆர் ராங்" வேண்டாம். "ஐ திங்க் இட்ஸ் நாட் குட்" என்பதை "ஐ டோன்ட் திங்க் இட்ஸ் குட்" என்று மாற்றினாலே பாதிக் கடுமை போய்விடும்.

ஓரிடத்தில் மட்டும் இந்த மென்மை கூடாது. ஒன்ராறியோ மாகாணத்தின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான தொழிலாளருக்கு ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தருகிறது. மறுப்பதை மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். "மேபி", "லிட்டில் பிட்" எதுவும் இல்லாமல், "ஐ ஆம் ரெஃப்யூசிங் திஸ் வொர்க். ஐ பிலீவ் இட்ஸ் அன்சேஃப்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லலாம். குடியுரிமைக்குக் கேட்கப்படும், கனடிய மொழித் தர அளவின் நான்காம் படியை எட்டியவர்கூட மேலாளர் முன்னால் இதைச் சொல்லாமல் நிற்பதுண்டு. மரியாதைக்காகக் காக்கும் மௌனம் இங்கே சம்மதமாகிவிடும்.

பயிற்சிக்கு அரசியலை எடுக்காதீர்கள், அதுவும் தமிழ் வகுப்பில். பத்து நிமிடத்தில் ஆங்கிலம் காணாமல் போய்விடும். வீட்டு வெப்பம் 20 பாகையா 23 பாகையா, பனியை யார் வழிப்பது, இவையே நன்றாக ஓடும். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். ஒருவர் கருத்துச் சொல்வார், மற்றவர் மனதுக்குள் சம்மதமாக இருந்தாலும் மறுத்தே ஆகவேண்டும், மூன்றாமவர் அந்த மூன்று அடியும் வந்தனவா என்று குறிப்பார். கணவன் மனைவியை ஒரே குழுவில் போடாமலிருப்பது உத்தமம்.

சம்மதிப்பதற்கு "மீ டூ", "மீ நைதர்" இப்போதைக்குப் போதும். "ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் அக்ரீயிங்" இரண்டையும் காதில் விழும்போதெல்லாம் "ஐ அக்ரீ" என்று திருத்துங்கள். "ஆஃப் கோர்ஸ்" அடிக்கடி வந்தால் அதையும் கவனியுங்கள்: ஒரு தகவலைக் கேட்டவரிடம் அப்படிச் சொன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்பதுபோல் கேட்கும்.

குடியேற்றத்துக்கும் குடியுரிமைக்கும் கனடா ஏற்கும் ஆங்கிலத் தேர்வான செல்பிப் எழுதுபவர்களுக்கு நேரம்தான் எதிரி. பேச்சுப் பகுதியில் கருத்துச் சொல்லும் ஏழாம் பணிக்கு யோசிக்க 30 விநாடி, பேச 90 விநாடி. ஒரு பக்கத்தைப் பிடித்து இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். இரண்டு பக்கமும் சரி என்று தொடங்குபவருக்கு, முடிவைச் சொல்லும் முன்பே நேரம் முடிந்துவிடும்.