காஞ்சியில் அத்தையும் நானும்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் மூவரையும் தரிசித்துவிட்டு, பட்டுக்கடையில் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப் போய்வந்தவர்களிடம் காஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம், வெயில், ஆட்டோக்காரர் கேட்ட காசு, இந்த மூன்றைத்தான் சொல்வார்கள்.

நான் இந்தமுறை அத்தையோடு போனேன். எனக்குப் பல்லவர் கட்டடம் என்றால் பைத்தியம். அத்தைக்குத் திவ்யதேசக் கணக்கு, அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்கள். நூற்றெட்டில் 14 காஞ்சிக்குள்ளேயே இருக்கின்றன, விட்டுப்போனதை முடிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். முதலில் கைலாசநாதர் கோயில் என்று நான் சொன்னதும், "நீ சாமி பார்க்க வர்றியா, சுவரு பார்க்க வர்றியா?" என்று கேட்டார். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அழைத்துப் போனேன்.

ஊருக்கு மேற்கே, வீடுகள் குறைந்து வரும் இடத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே எல்லாம் மணற்கல். நந்தி கோயிலைவிட்டு வெகுதூரம் தள்ளி வெளியே உட்கார்ந்திருக்கிறது. முகப்பில் வரிசையாகச் சின்னச்சின்னச் சன்னதிகள். அவற்றில் ஒன்றை அரசி ரங்கபதாகை கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. உள்ளே போனால் திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றிலும் குனிந்து எட்டிப் பார்க்கலாம். சிலவற்றில் பழைய சுதைப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் காவியில் இழுத்த ஒரு கோடு, கண்ணின் ஓரம், கிரீடத்தின் ஒரு துண்டு. ஒரு காலத்தில் இந்தக் கோயில் முழுக்க வண்ணத்தில் இருந்திருக்கிறது. இன்று பார்க்கும் பழுப்பு நிறத்தை வைத்துக்கொண்டு பல்லவர் கோயில் என்றால் அடக்கமான அழகு என்று எழுதுகிறார்கள். வண்ணம் உதிராமல் இருந்தபோது கண்ணைப் பறித்திருக்கும்.

மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. 642-ல் பல்லவர்கள் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை எரித்தார்கள். நூறு வருஷம் கழித்து அதே சாளுக்கியர் வழியில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்க வந்தவன் இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு, இதன் செல்வத்தை எடுக்காமல் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போனதாக அவன் வெட்டிவைத்த செய்தி அது. அவனுடைய அரசி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இதன் சாயல் தெரியும். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "நல்ல பிள்ளையா இருந்திருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் நந்தியருகே நின்று அத்தை சொன்னது வேறு கதை. இராஜசிம்மன் குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டான். முதல்நாள் கனவில் சிவன் வந்து, நாளைக்கு நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குள் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்கிறார். ராஜா போய்த் தேடினால் அங்கே கோயிலே இல்லை. கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டியது. பெரியபுராணத்தில் எல்லோரும் படித்த கதைதான். ஆனால் அந்த ராஜா கட்டியதாகச் சொல்லப்படும் கோயிலின் முன்னால் நின்று கேட்கும்போது, "இவ்வளவு கல்லும் ரெண்டாவது இடம்தான் பாரு" என்று அத்தை விமானத்தைக் காட்டியது நன்றாகத்தான் இருந்தது.

கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். அதைச் சுற்றிவர ஒரு குறுகிய வழி உண்டு. உள்ளே நுழையும் துவாரத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும், வெளியே வரவும் அப்படித்தான். அதைச் சுற்றிவந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். நான் துவாரத்தின் அகலத்தையும் என் தோளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நான் எப்படிப் போகாமல் இருப்பது? உள்ளே வெளிச்சமே இல்லை. இரண்டு பக்கமும் கல் உரச, கைப்பிடிக்கு எதுவும் இல்லாமல், முன்னால் போகிறவரின் மூச்சு மட்டும் கேட்கும். வெளியே வந்தபோது முழங்கையில் சிராய்ப்பு. அத்தைக்கு ஒன்றுமில்லை.

லிங்கத்துக்குப் பின்சுவரில் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம். சிவன், உமை, இருவருக்கும் நடுவில் குழந்தை கந்தன். இராஜசிம்மனுக்கு இந்த வடிவத்தில் அப்படியொரு ஈடுபாடு, அவன் கட்டிய கோயில்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று அத்தைக்கு விளக்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஊரே அப்படித்தானேடா இருக்கு? அந்தப் பக்கம் ஏகாம்பரநாதர், இந்தப் பக்கம் காமாட்சி, நடுவுல குமரக்கோட்டம்" என்றார்.

எத்தனையோ புத்தகம் புரட்டியும் இது எனக்கு உறைக்கவில்லை. கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றியது குமரக்கோட்டத்தில் என்பது தெரியும். அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் சுவரில் இருக்கும் சிற்பத்தையும் ஊரின் தெருக்களையும் சேர்த்துப் பார்க்க, இரண்டு கோயிலுக்கும் காலில் நடந்து பழகிய ஒருவர் வேண்டியிருந்தது. காஞ்சியில் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச்சன்னதி வைப்பதில்லை, ஊருக்கெல்லாம் காமாட்சி ஒருத்தியே அம்பாள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். காஞ்சியைத் தனித்தனிக் கோயில்களாக எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பிடிபடாது. ஒரு கோயிலின் கதை அடுத்த தெருக் கோயிலில் போய் முடிகிற ஊர் இது.

ஏகாம்பரநாதரின் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. பஞ்சபூதத் தலங்களில் இது மண். அம்பாள் கம்பை நதிக்கரையில் மணலால் பிடித்த லிங்கம் என்பதால் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. தலவிருட்சம் மாமரம். நாலு கிளை, நாலு வேதம், நாலு ருசி என்பார்கள். சுந்தரர் பார்வை இழந்து வந்து இடக்கண்ணைத் திரும்பப் பெற்றது இங்கேதான். வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை நடக்க வேண்டியிருந்தது. பிரகாரத்திலேயே நிலாத்திங்கள் துண்டப் பெருமாள் சன்னதி இருக்கிறது. சிவன் கோயிலுக்குள் ஒரு திவ்யதேசம். அத்தையின் கணக்கில் ஒன்று ஏறியது. காமாட்சி கோயிலுக்குள் கள்வர் பெருமாள், அதற்கு இன்னொன்று. உலகளந்த பெருமாள் கோயிலில் ஒரே மதிலுக்குள் நாலு. கணக்குப் போடுகிறவர்களுக்குக் காஞ்சி தாராளமான ஊர். உலகளந்தவர் ஒரு காலைத் தூக்கி நிற்கும் உயரத்தை மட்டும் நின்று பாருங்கள். எதிரே நின்றால் கழுத்து தானாகவே பின்னால் சாயும்.

காமாட்சியிடம் கூட்டம். கரும்பு வில்லோடு பத்மாசனத்தில் இருப்பவளைத் தள்ளுமுள்ளுக்கு நடுவே ஒரு நொடி பார்த்தோம். அந்த ஒரு நொடிக்காகவே வந்தேன் என்பதுபோல அத்தை முகம் இருந்தது. நான் அங்கே எதையும் ஆராயவில்லை.

காஞ்சிக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணியாகும். அதனால் பதினொரு மணி வாக்கில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் புகுந்துவிட்டோம். பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. மூன்று அடுக்கு. கீழே இருந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம்.

என்னைக் கேட்டால் காஞ்சியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். சிங்கத் தூண்களுக்குப் பின்னால், திருச்சுற்றின் சுவர் நெடுக, மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் பல்லவ வம்சத்தின் கதை செதுக்கியிருக்கிறது. முடிசூட்டு விழாக்கள், யானைகள், சண்டைகள், சிம்மாசனத்தில் ஓர் அரசன், இரு பக்கமும் கலசத்தால் நீர் ஊற்றுகிறவர்கள். முகங்கள் அரித்துப் போய்விட்டன. அரசன் யார், ஊழியன் யார் என்பது உட்கார்ந்திருக்கும் உயரத்தில்தான் தெரிகிறது. சில இடங்களில் என்ன காட்சி என்று கீழே எழுத்தும் உண்டு. முக்கியமான கட்டம் நந்திவர்மனே அரசனாவது. வாரிசில்லாமல் அரியணை காலியாகிவிடுகிறது. காஞ்சியிலிருந்து போனவர்கள் வம்சத்தின் வேறு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய்க் கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி, நான் போகிறேன் என்கிறான். தகப்பனுக்கு அனுப்ப மனசில்லை.

காலையில் கைலாசநாதரில் கன்னடக் கல்வெட்டு பார்த்தோமே, அந்த விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்தது இந்தப் பையன் அரசனாக இருந்தபோதுதான். ஊரை இழந்து, திரும்பப் பெற்று, இத்தனையும் ஆனபின் தன் கதையைப் பெருமாளைச் சுற்றிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். அத்தை அந்தப் பையன் இருக்கும் பகுதியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "பன்னெண்டு வயசா?" என்று இரண்டு தடவை கேட்டார். சுவர் என்று அவர் அப்புறம் சொல்லவில்லை.

நடு அடுக்கில் சயனித்திருக்கும் பெருமாளைச் சேவிக்க முடியுமா என்று விசாரித்தோம். ஏகாதசிக்கு வாருங்கள் என்று பட்டர் சொல்லிவிட்டார்.

மதியம் ஆட்டோக்காரர் பட்டுக்கடைக்கு அழைத்துப்போவதிலேயே குறியாக இருந்தார். கமிஷன் அவருக்கும் வேண்டும்தானே. நாங்கள் பிள்ளையார்பாளையம் பக்கம் விடச் சொன்னோம். தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கோர்வைப் புடவை நெய்யும்போது கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். உடலும் கரையும் வேறுவேறு நிறம், சேரும் இடத்தில் இழைக்கு இழை கோக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு விலை கேட்டால் பேரம் பேசத் தோன்றாது.

நாலு மணிக்குத் திருவெஃகா. யதோக்தகாரி, சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். ராஜா தன்மேல் பாட்டுப் பாடச் சொல்ல, மனிதனைப் பாட மாட்டேன் என்று சொல்லி ஊரைவிட்டு விரட்டப்படுகிறார். சீடன் போனால் நானும் போகிறேன், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்று ஆழ்வார் பெருமாளிடம் சொல்கிறார். பெருமாளும் கிளம்பிவிடுகிறார். ஊர் இருண்டுவிட, ராஜா ஓடிப்போய்க் காலில் விழுந்து எல்லோரையும் அழைத்துவருகிறான். திரும்பி வந்து படுத்த பெருமாள், நடந்ததற்கு அடையாளமாக இடவலம் மாறிப் படுத்தார். இன்றும் அப்படித்தான் சேவை. மற்ற கோயில்களில் சயனக் கோலத்தைச் சேவித்துப் பழகிய கண்ணுக்கு உள்ளே போனதும் ஏதோ மாறியிருப்பது தெரியும். அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சொன்ன பிறகுதான்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு, வரதரிடம் வந்தபோது வெயில் தணிந்திருந்தது. வரதர் நிற்கும் அத்திகிரிக் குன்றுக்கு 24 படி, காயத்ரி மந்திரத்தின் எழுத்துக்கு ஒன்று. திருக்கச்சி நம்பிகள் விசிறி வீசியபடி பெருமாளோடு பேசியதும், ராமானுஜர் தன் சந்தேகங்களை அவர் மூலமாகக் கேட்டு பதில் பெற்றதும் இங்கேதான். கூட்டத்தில் பாதி தங்கப் பல்லியைத் தொடத்தான் நிற்கிறது. தொடட்டும். அனந்தசரஸ் குளத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் 2019-ஐப் பற்றியே பேசினார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதர் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கி 48 நாள் இருந்தார். முதலில் சயனம், அப்புறம் நின்ற கோலம். அடுத்தது 2059. நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியையும், குதிரை வீரர்களையும் வழக்கம்போல நான் மட்டும் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன்.

கோயில் இட்லி கிடைத்தது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவித்து, துண்டு போட்டுத் தருவது. பல்லில் கடிபடும் மிளகு, சீரகம், சுக்கு, நெய். சட்னியே தேவையில்லை. வீட்டில் தட்டில் ஊற்றிச் செய்தால் அந்த இலை வாசம் வராது.

படியில் உட்கார்ந்து அத்தை தன் கணக்கை எண்ணினார். விளக்கொளிப் பெருமாள், பவளவண்ணர் இன்னும் பாக்கி. எனக்குத் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் பாக்கி, அங்கே விதானத்து ஓவியங்கள் இருக்கின்றன. அடுத்தமுறை வைகாசி கருட சேவைக்கு வரலாமா என்று கேட்டேன். ஆங்கிலேயத் தளபதி க்ளைவ் கொடுத்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி என்ற கழுத்தணியை அன்று வரதர் சாத்திக்கொள்வார் என்றும் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் தன்னால் முடியாது என்றார் அத்தை. கைப்பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்துப் புரட்டினார்.

"அடுத்த ஏகாதசி வியாழக்கிழமை வருதுடா. லீவு சொல்லிடு. அந்த மாடிப் பெருமாளையும் சேவிச்சிடலாம், நீயும் உன் பன்னெண்டு வயசுப் பையனை இன்னொரு தடவை பார்த்துக்கோ."