எல் 312 லாரியின் சேஸிஸில் கோட்டம் எடுத்த அனுபவம்

கேபினின் வலது கதவு மூடவில்லை என்பதில்தான் இந்த வேலை தொடங்கியது. வண்டி 1961ஆம் ஆண்டின் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் எல் 312. டெல்கோ நிறுவனமும் (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஜாம்ஷெட்பூரில் தயாரான, முன்புறம் நீண்ட மூக்கும் அதன் மேல் மூன்று முனை நட்சத்திரமும் கொண்ட லாரி. 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்ததோடு நட்சத்திரமும் போய்விட்டது என்பதால், நட்சத்திரம் உள்ள வண்டி கிடைத்தால் விடக் கூடாது என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்தேன். சங்ககிரிப் பக்கம் சரக்கு ஏற்றி, பிறகு தண்ணீர் லாரியாக ஓடி, கடைசியில் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்றுவிட்ட இதை, 4.6 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினோடு முழுதாக வாங்கினேன்.

கதவின் மேல் மூலை ஒரு விரல் அளவு வெளியே தள்ளி நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் வண்டியின் அடிச்சட்டகமான சேஸிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின.

முதலில் அளவெடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் நிற்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. எனக்கு முதல் நாள் கிடைத்த வித்தியாசம் 55 மில்லிமீட்டர். இடது முன் ஸ்பிரிங்கின் தாய்ப்பட்டை, அதாவது முதன்மைப் பட்டை, உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால் ஸ்பிரிங், அச்சு எல்லாவற்றையும் கழற்றி, சேஸிஸை மூன்று இடத்தில் மட்டும் தாங்கி வைத்தேன்: பின்பக்கம் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் அடியில் ஒவ்வொரு ஸ்டாண்டு, முன்பக்கம் முதல் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு ஸ்டாண்டு. நான்கு மூலையிலும் தாங்கினால், ஸ்டாண்டுகளில் ஒன்று சற்று உயர்ந்தாலும் சேஸிஸ் தன் எடையாலேயே வளைந்து அதற்கு இணங்கிவிடும். லாரியின் சேஸிஸ் இரண்டு திறந்த ‘ப’ வடிவச் சட்டங்களால் ஆனது; ஓடும்போது பள்ளம் மேட்டுக்கு ஏற்ப முறுக்கிக் கொடுப்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. முன்பக்கம் ஒரே புள்ளியில் நின்றால்தான் அது தன் இயல்பான கோணலைக் காட்டும்.

உயரம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைப் பயன்படுத்தினேன். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் கோடு தெளிவாகத் தெரியும். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டேன். அளவெல்லாம் காலை ஏழு மணிக்கு முன்பு. என் ஷெட்டின் கிழக்குப் பக்கம் திறந்திருப்பதால், வெயில் ஒரு சட்டத்தின் மேல் விழுந்து அது மற்றதைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், ஐந்தே கால் மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும்.

மரப் பாடி மேலே இருந்தபோது வலது முன்மூலை இடதைவிட 38 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. யூ போல்ட்டுகளைத் தளர்த்திப் பாடியை இறக்கியதும் அது 31 ஆனது. கோணலாக இருந்த சேஸிஸின் மேல் கட்டிய மரச் சட்டங்கள் அந்தக் கோணலைப் பிடித்துவைத்திருந்தன என்று புரிந்தது. தூக்குக்குண்டு விட்டு மூலைகளைத் தரையில் குறித்து, குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு சட்டம் முன்னும் மற்றது பின்னுமாக நகர்ந்து சாய்சதுரமான கோளாறு இல்லை.

அடுத்து, வழக்கமான முறையில் இழுத்தேன். வலது முன்மூலையைத் தரையில் புதைத்த கொக்கியோடு சங்கிலியால் கட்டி, இடது முன்மூலையை ஜாக்கியால் தூக்கி, பின்பக்கம் எதிர்மூலையையும் கட்டிவைத்தேன். சங்கிலியின் மேல் நனைத்த சாக்குகளைப் போட்டு, அது அறுந்தால் பாயக்கூடிய நேர்கோட்டில் ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். முதல் ஞாயிறு முழுக்க இழுத்ததில் 31 என்பது 28 ஆனது. மறுநாள் காலையில் அளந்தால் மீண்டும் 31. அடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஐம்பது வருடம் லாரி வேலை செய்து ஓய்ந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. சட்டத்தின் ஓரமாகக் குனிந்து நடந்துகொண்டே, “தம்பி, மூலையில மட்டும் அளந்தா போதுமுங்களா? எங்க இருந்து தூக்குதுன்னு பார்த்தீங்களா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

ஐந்து குறுக்குச் சட்டங்கள். பின்னாலிருந்து தொடங்கி ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தை அளந்தேன்: 0, 1, 3, 17, 31. கடைசிக் குறுக்குச் சட்டத்திலிருந்து நடுக் குறுக்குச் சட்டம் வரை ஏறக்குறைய மட்டமாக இருக்கிறது; அங்கிருந்துதான் ஒரே நேர்கோட்டில் முன்னோக்கி ஏறுகிறது. சேஸிஸ் முழுவதுமாக முறுக்கியிருந்தால் வித்தியாசம் பின்னாலிருந்தே சீராக ஏறியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நீளச் சட்டத்தின் மேலும் இரு முனைகளில் ஒரே கனமுள்ள கட்டைகளை வைத்து நூல் கட்டினேன். இடது சட்டம் நடுவில் 2 மில்லிமீட்டர் மேடு. வலது சட்டம் நடுவில் 13 மில்லிமீட்டர் பள்ளம். வலது சட்டம் நடுவில் மடிந்து முன்பாதி மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் முறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சட்டத்தின் வளைவு.

ஏன் வளைந்தது என்பது கம்பித் தூரிகையால் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டியதும் தெரிந்தது. நடுக் குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில், வலது சட்டத்தின் மேல் விளிம்பின் மீது ஓர் உள்ளங்கை அகலத் தகடு, நான்கு பக்கமும் தடிமனாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. எப்போதோ விளிம்பில் விரிசல் விட்டிருக்கிறது. யாரோ அவசரத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். மேல் விளிம்பில் குறுக்கே இத்தனை வெல்டிங் போட்டால், அது சுருங்கும்போது மேல்பக்கம் குறுகி, சட்டத்தின் முனை தானாக மேலெழும். நான் இரண்டு ஞாயிறும் இழுத்தது இந்த வெல்டிங்கின் பிடியை எதிர்த்துத்தான்.

அந்தத் தகட்டை எடுத்ததை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேஸ் கட்டிங் வேண்டாம் என்று முடிவு செய்தேன், சுடர் பட்டால் அடியில் உள்ள சட்டமும் சேர்ந்து கெடும். கிரைண்டரில் மெல்லிய சக்கரம் போட்டு வெல்டிங்கை மட்டும், சட்டத்தின் உலோகத்தைத் தொடாமல், தலைமுடி கனத்துக்கு விட்டு அறுத்தேன். மிச்சத்தை உளியால் தட்டி விடுவித்தேன். மூன்று பக்கம் முடிந்து நான்காவது பக்கத்தின் கடைசி இரண்டு விரற்கடையை அறுக்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. மீதமிருந்த வெல்டிங் தானாகவே பிளந்து, அந்த வெடிப்பில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அளந்தால் 31 என்பது 22 ஆகியிருந்தது. ஜாக்கி இல்லை, சங்கிலி இல்லை.

பிறகு ரிவிட்டுகள். ரிவிட் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டினால், இறுகியிருப்பது கெட்டியாக ஒலிக்கும், தளர்ந்தது விரலில் அதிரும். தலையைச் சுற்றித் துருப்பொடி கசிந்து செந்நிறக் கோடு விட்டிருந்தாலும் அது ஆடுகிறது என்று பொருள். நடுக் குறுக்குச் சட்டத்தின் வலது முனையில் எட்டில் ஆறு ஆடின. அவற்றின் தலைகளின் நடுவில் புள்ளி குத்தி, துளையிட்டு, பன்ச்சால் தட்டி எடுத்தேன். துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. குறுக்குச் சட்டம் விடுபட்டதும் 22 என்பது 18 ஆனது.

மீதிக்குத்தான் பலம் தேவைப்பட்டது. இந்த முறை தரையைக் கொண்டு இழுக்கவில்லை. 20 அடி நீளமுள்ள 8 அங்குல ஐ-பீம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வலது சட்டத்துக்கு நேர் கீழே வைத்து, சட்டத்தின் இரு முனைகளையும் பீமின் முனைகளோடு சங்கிலியால் கட்டி, நடுவில் பள்ளம் இருந்த இடத்தின் அடியில் 10 டன் ஜாக்கியை நிறுத்தினேன். முனைகள் கீழே பிடிபட்டிருக்க நடு மேலே போகும். எல்லா விசையும் பீமுக்கும் சட்டத்துக்கும் இடையிலேயே அடங்கிவிடும். ஜாக்கியை நேரடியாகச் சட்டத்தின் கீழ் விளிம்பில் வைத்தால் விளிம்பு மடிந்துபோகும். எனவே ‘ப’வின் உட்புறத்தில் இறுக்கமாகப் பொருந்தும்படி கருவேலமரக் கட்டை ஒன்றை இழைத்து அடித்து இறக்கி, அடியில் 12 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து, அதன் மேல்தான் ஜாக்கி ஏறியது. பீமும் எதிர்ப்பக்கம் வளைவதால் ஜாக்கி எவ்வளவு ஏறியது என்பது கணக்காகாது. நூலைத்தான் நம்ப வேண்டும்.

அப்போது நூலில் பள்ளம் 8 மில்லிமீட்டர். எதிர்ப்பக்கம் 20 மேடு வரும் வரை தூக்கிவிட்டு இறக்கினேன். மீண்டும் 8 பள்ளம், எதுவும் நடக்கவில்லை. இரும்பு தன் மீள்தன்மைக்குள்ளேயே போய் வந்திருக்கிறது. 30 வரை போனபோது 7இல் நின்றது. 38இல் 4. இதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மெதுவாக. 43 வரை தூக்கி, கால் மணி நேரம் அப்படியே விட்டு, மரச்சுத்தியலால் அந்த இடத்தைச் சுற்றிலும் தட்டி இறக்கியதும் பள்ளம் 1 ஆனது. சூடுபடுத்தினால் சீக்கிரம் வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு முறை சூட்டால் கெட்ட இடத்தை மறுபடி சூடாக்க எனக்கு மனம் வரவில்லை.

விரிசலை இனி முறையாக அடைக்க வேண்டியிருந்தது. அதன் நுனியில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, இரு ஓரங்களையும் ‘வி’ வடிவில் சாய்த்து, அடுப்பில் உலர்த்திய 7018 வகை வெல்டிங் ராடால் சிறு சிறு துண்டாக, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு அடுத்தது என்று வெல்டிங் செய்து, மேற்பரப்பு சமமாகும்படி தேய்த்தேன். உட்புறத்தில் வலுவுக்காக ஒரு தகடு. அதன் முனைகள் சதுரமாக இல்லாமல் கூர்ந்து முடியும். அது சட்டத்தின் நடுச்சுவரில் மட்டும் போல்ட்டால் பிடிக்கப்பட்டது, விளிம்புகளில் ஒரு துளைகூட இல்லை. குறுக்குச் சட்டத்தின் தேய்ந்த துளைகளை ரீமரால் 14 மில்லிமீட்டருக்கு விரித்து, இரண்டு தகடுகளின் கனம் முழுவதும் மரையில்லாத தண்டே நிற்கும்படியான 8.8 தர போல்ட்டுகளைத் தட்டி ஏற்றி முறுக்கினேன்.

எல்லாம் இறுகிய பிறகு முன்மூலைகளின் வித்தியாசம் 3 மில்லிமீட்டர். ஒரு வாரம் விட்டு அதே காலை நேரத்தில் அளந்தேன், அதே 3. என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஏற்றிய பிறகு 4. அதற்கு மேல் தொடுவதில்லை என்று நிறுத்திவிட்டேன்.

நேற்று கேபினைத் தற்காலிகமாக ஏற்றிப் பார்த்தோம். வலது கதவு ஒரு விரலால் தள்ளியதும் தாழில் விழுந்தது. ஆனால் இத்தனை நாள் நன்றாக மூடிக்கொண்டிருந்த இடது கதவு இப்போது கீழே உரசியது. அதன் கீழ்க் கீலுக்குப் பின்னால் மூன்று வாஷர்கள் இருந்தன. பழைய கோணலுக்கு ஏற்ப யாரோ வைத்தவை. அவற்றை எடுத்துவிட்டு, கீலின் துளைகளைச் சுத்தம் செய்து, கதவை மீண்டும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.