அந்தமான் கப்பலில் ஏறுமுன் அதன் விலாவைப் படியுங்கள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். ஏறுவதற்கு முன் கப்பலின் விலாவை நிதானமாக ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் கட்டியிருக்கும் சரக்குக் கப்பல்களையும் விடாதீர்கள்.

அணியத்திலும் (கப்பலின் முன்முனை) அமரத்திலும் (பின்முனை), பெரிய கப்பலென்றால் நடுவிலும், ஏணிப்படி மாதிரி எண்கள் ஏறிப் போகும். அதுதான் டிராஃப்ட்: நீர்மட்டத்திலிருந்து அடிக்கட்டை வரை உள்ள ஆழம். மீட்டர் கணக்கில் எழுதியிருந்தால் எண்ணின் உயரம் 10 செ.மீ., அடுத்த எண்ணுக்கு இடைவெளியும் 10 செ.மீ. எண்ணின் அடிவிளிம்புதான் கணக்கு. 6 மீட்டருக்கு மேலே உள்ள '4'இன் அடியைத் தண்ணீர் தொட்டால் 6.40, தலையைத் தொட்டால் 6.50. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நீர்மட்டத்தில் 2,500 சதுர மீட்டர் பரப்புள்ள கப்பலில் அந்த 10 செ.மீ. சுமார் 256 டன் எடை வித்தியாசம்! அலை இருந்தால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பலமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். கப்பல் ஒருபுறம் சாய்ந்திருக்கலாம் என்பதால், சரக்கைக் கணக்கிடுபவர்கள் கடல்பக்கத்தையும் படகில் போய்ப் படிப்பார்கள். அமரம் சற்றுத் தாழ்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். புரொபெல்லர் நன்றாக மூழ்குவதற்காக அப்படி வைப்பதுண்டு.

நடு விலாவில் கோடு குறுக்கிட்ட வட்டம் தெரியும். வெளிவிட்டம் 300 மி.மீ. அந்தக் கோட்டின் மேல்விளிம்புதான் கப்பல் மூழ்கக்கூடிய கோடைக்கால எல்லை. பக்கத்தில் 'டி' (T) போட்ட வெப்பமண்டலக் கோடு, கோடைக் கோட்டுக்கு மேலே, கோடை டிராஃப்டில் 48இல் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும், 9.6 மீட்டருக்கு 20 செ.மீ. வங்காள விரிகுடாவில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அதுவரை மூழ்கலாம்; மற்ற மாதங்களில் கோடைக் கோட்டோடு நிறுத்த வேண்டும். ஆனால் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12இல். தேதி அனுமதித்தாலும் வானிலை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

கப்பல் விவரத்தில் உள்ள கிராஸ் டன்னேஜைப் பலரும் எடை என்று நினைக்கிறார்கள். அது மூடிய இடங்களின் கன அளவிலிருந்து 1969 சர்வதேசக் கப்பல் அளவை ஒப்பந்தச் சூத்திரப்படி வரும் எண். கப்பலின் மொத்த எடை டிஸ்பிளேஸ்மென்ட். சரக்கு, எரிபொருள், தண்ணீர், பயணிகள் எல்லாம் சேர்ந்த சுமை டெட்வெயிட்.

ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) ஏறினாலும் டிராஃப்ட் மாறாது, கப்பலும் தண்ணீரோடு சேர்ந்தே உயரும். மாறுவது கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் கேங்வே ஏணியின் சாய்வு. கனமான பெட்டியோடு ஏறும்போது காலடியைக் கவனியுங்கள்.