ஐந்து பயிற்சிகள், ஒரே ராடு

ராடை, அதாவது எடை மாட்டும் நீளமான இரும்புக் கம்பியை, தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 100 கிலோ வந்துவிட்டது. ஐந்து ஐந்தாக மூன்று செட்டு, மூன்றிலும் தொடை முழுதாக இறங்கி எழுந்தது. அந்த எண்ணைவிட, அது வந்த வழிதான் எனக்கு முக்கியம். ஸ்குவாட், படுத்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ. ஆரம்பித்ததிலிருந்து இந்த ஐந்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. வலு ஏற வேண்டும் என்று வருகிறவருக்கு இவை போதும் என்று இப்போது தைரியமாகச் சொல்வேன்.

வாரத்தில் மூன்று நாள். மூன்று நாளும் ஸ்குவாட் உண்டு. ஒரு நாள் பெஞ்சும் டெட்லிஃப்டும், மறுமுறை பிரஸ்ஸும் ரோவும் என்று மாறி மாறி வரும். டெட்லிஃப்ட் மட்டும் கனமாக ஒரே ஒரு செட்டு. வெறும் ராடே 20 கிலோ. அதில் தொடங்கி, ஸ்குவாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ ஏற்றினேன். கனமான செட்டுகளுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடுவேன்.

“அண்ணா, தினமும் இதையேதானா? போரடிக்கலையா?” என்று ஜிம்முக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான். இதையே செய்வதால்தான் கணக்கு தெரிகிறது. இந்த வாரம் லெக் பிரஸ், அடுத்த வாரம் ஸ்மித் மெஷின் என்று மாற்றிக்கொண்டே போனால், கூடியது வலுவா, அந்த மெஷின் பழகியதால் வந்த லாபமா என்று பிரிக்க முடியாது. எந்தப் பயிற்சியிலும் ஆரம்ப வாரங்களில் எடை மளமளவென்று ஏறும். தசை வளர்வதற்கு முன்பே நரம்பு அந்த அசைவைக் கற்றுக்கொள்வதுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கட்டத்தைத் தாண்டி அதே பயிற்சியில் நின்றால்தான் உண்மையான வலு, எடையை எழுதிவைக்கும் நோட்டில் தெரியும்.

எங்கள் வேலூருக்கு ராடு புதிதில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் “ஸ்னாட்ச் பண்ணலாமே” என்பார்கள். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சுக்கு மாஸ்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேலை முடிந்து மாலையில் வருகிற எனக்கு ஃபோனில் வீடியோ எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய பயிற்சிகளே சரி. பிரஸ்ஸும் ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்ததுதான். வீரர்கள் பின்பக்கம் வளைந்து தூக்கத் தொடங்கியதும் எது சரி, எது தவறு என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போனது. 1972 மியூனிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். வீட்டில் வீடியோ பார்க்கும்போது நான் முதலில் தேடுவதும் அந்த வளைவைத்தான். பிட்டத்தை இறுக்கி, மூச்சை வயிற்றில் பிடித்துக்கொண்டால் முதுகு நேராக நிற்கிறது.

ஐந்தில் மெதுவாக ஏறுவது பிரஸ்தான். ராடில் மாட்டும் எடைத்தட்டுகளில், ஜிம்மில் இருக்கும் சின்ன பிளேட்டே 1.25 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் இரண்டரை ஆகிவிடும். 90 கிலோ ஸ்குவாட்டில் அது மூன்று சதவீதம்கூட இல்லை. 40 கிலோ பிரஸ்ஸிலோ ஆறு சதவீதத்துக்கு மேல். தோள் அதை ஏற்கவில்லை, ஐந்தாவது தடவை தூக்கும்போது ராடு நெற்றி உயரத்திலேயே நின்றுவிடும். அதனால் லேத் பட்டறையில் இரண்டு வளையம் வெட்டிக்கொண்டேன். 8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, வெளி விட்டம் 113, நடுத்துளை 52. ராடின் முனை 50 மில்லிமீட்டர் என்பதால் இடறாமல் ஏறுகிறது. பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் அரைக் கிலோ. இப்போது பிரஸ் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ என்று சின்னச் சின்னதாக ஏறுகிறது. பணம் போட்டு ஏதாவது வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இடுப்பு பெல்ட்டுக்கு முன்னால் இதை வாங்கலாம்.

டெட்லிஃப்டில் உயரத்தைக் கவனியுங்கள். போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டரில் நிற்கும். நம் ஜிம்களில் 10 கிலோ ரப்பர் பிளேட் அதைவிடச் சின்னது. அதைப் போட்டால் ராடு கணுக்காலுக்குப் பக்கத்தில் போய்விடும். எடுக்கக் குனியும்போதே கீழ்முதுகு வளைகிறது. இருபக்கமும் பழைய ரப்பர் மேட்டை அடுக்கி உயர்த்திய பிறகு, ராடு காலை ஒட்டி நேராக மேலே வந்தது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. முட்டையும் சுண்டலும் கூடின, அப்புறம் தூக்கமும் ஒழுங்காயிற்று. தூக்கும் எடை ஏறாமல் நின்றுபோனால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறுவேன்.

100 கிலோவுக்குப் பிறகு வாரம் மூன்று கனமான ஸ்குவாட்டுக்கு உடம்பு தேறிவருவது கஷ்டமாக இருக்கிறது. இனி திங்களன்று கனம், புதனன்று அதில் எண்பது சதவீதம், வெள்ளியன்று ஒரே செட்டில் புது எடை. மற்ற நான்கும் அப்படியே தொடரும்.