ஏப்ரல் மாத வகுப்பு

கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி வந்த அன்று, நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டுக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் ‘பி.எச். எட்டு’ என்று எழுதினான். நம் செட்டுக்கு அது போதும். இளைய செட்டுகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு மோலார், அதாவது தண்ணீரில் துளியூண்டு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? முதல் விடையாக எட்டு நிற்கும். அதை எழுத ஆகக் கெட்டிக்காரப் பையனாகப் பார்த்துத்தான் பலகைக்குக் கூப்பிடுவார் சார். அவன் எழுதி முடித்ததும், “தண்ணியில ஆசிட ஊத்திக் காரமாக்கிட்டான்யா! நோபல் பரிசுக்கு எழுதிப் போடுங்க” என்பார். வாட்ஸ்அப்பில் எழுதியவன்தான் அன்று பலகையில் நின்றவன். தண்ணீர் தானாகத் தரும் ஹைட்ரஜன் அயனியையும் கூட்டினால் 6.98 என்று அவனை விட்டே போடவைத்தார். அதற்குள் அவன் காது சிவந்து, கண்ணும் கலங்கிவிட்டது. சார் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த விஷயத்தில் அவரை இன்றும் மெச்ச மாட்டேன்.

பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கு, பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் போட்ட காலம். மதுரை கோச்சிங்குக்குப் போக வசதி இருந்தவர்கள் போனார்கள். மிஞ்சியவர்களுக்கு ஏப்ரல் மாதம் சாரும், மை அப்பிய சைக்ளோஸ்டைல் தாள்களும். எந்த உப்பு எவ்வளவு கரையும், எப்போது படியும் என்று சொல்லும் கரைதிறன் பெருக்கம் எவன் மண்டையிலும் ஏறாததால் ஒருநாள் வாலிநோக்கம் உப்பளத்துக்கே கூட்டிப் போனார். கடல்நீர் வற்ற வற்ற, சோற்றுப்புக்கு முன்னாலேயே ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், படிந்துவிடும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவில் 25 டிகிரி வந்த பிறகுதான் சோற்றுப்பு விழும். 29, 30-ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இதையெல்லாம் சொன்னது சார் இல்லை, உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா. சார் பக்கத்தில் நின்று, “கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க” என்றதோடு சரி.

அந்த நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து ஒழிந்தது. ஆனால் அதை எழுதித்தான் நாங்கள் ஊரைவிட்டு வெளியேறினோம். எனக்கு வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. உப்பை வடிகட்டும் சவ்வில் கால்சியம் சல்ஃபேட் படியாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதிப் பிழைப்பு, அதாவது அந்த அக்கா சொன்ன முதல் பாடம். நம் நரிப்பையூரிலும் இதே வேலைக்கு ஓர் ஆலை வைத்தார்கள். “அங்க வரலாம்லடா” என்று ஒரு விடுமுறையில் சார் கேட்டார். சம்பளத்தைச் சொன்னேன். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

சார் பெயரில் ஸ்மார்ட் போர்டு வாங்க நம் பழைய மாணவர் சங்கம் வசூலிக்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். அந்த சைக்ளோஸ்டைல் தாள்கள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். கரைதிறன் தாளின் கடைசிக் கணக்குக்கு சார் விடை சொல்லாமலே விட்டுவிட்டார்.