சுவையில்லாததற்குத்தான் விலை

பெரிய சீன உணவகங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். மெனுவில் விலை ஏற ஏற, அந்தப் பொருளுக்கென்று இருக்கும் சுவை குறைந்துகொண்டே போகும். சுறாத்துடுப்பு, கடல் அட்டை, மீனின் காற்றுப்பை, உழவாரக் குருவி தன் எச்சிலாலேயே கட்டும் கூடு. தென்சீனாவின் குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துக் கான்டனீஸ் விருந்தில் கௌரவம் இவற்றுக்குத்தான். இதில் எதையாவது வெறும் தண்ணீரில் வேகவைத்து நீட்டினால், 'இதுக்கா இவ்வளவு?' என்று யாரும் கேட்பார்கள்.

அலுவலகத் தோழியின் அப்பாவுக்கு எழுபதாம் பிறந்தநாள். குடும்பமே கான்டனீஸ். நகரின் நடுவில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில் தனியறை எடுத்திருந்தார்கள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். அதனால் பேச்சில் பாதி புரியவில்லை, சாப்பாட்டை முழுசாகக் கவனிக்க முடிந்தது.

உட்கார்ந்ததுமே எந்தத் தேநீர் என்ற கேள்வி வந்துவிட்டது. பெரியவர்கள் பூ-அர் என்ற நொதித்த தேநீரைக் கேட்டார்கள். கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு வந்தது. ஒருவர் கோப்பையை நிரப்பும்போது, வாங்குகிறவர் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுகிறார். அதுதான் நன்றி. பேசிக்கொண்டிருக்கும் கதையை நிறுத்த வேண்டியதில்லை. கூஜாவின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் தானாக வந்து சேர்கிறது. யாரையும் கைதட்டிக் கூப்பிட வேண்டாத இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சூப்புக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்ததாம். சுறாத்துடுப்பு இல்லாமல் எழுபதாவது பிறந்தநாளா என்று அப்பா. சீன அரசாங்கமே 2013-இல் அரசு விருந்துகளிலிருந்து அதை எடுத்துவிட்டதே என்று மகள். கடைசியில் காற்றுப்பை சூப்பில் சமாதானம். (அதுவும் அவ்வளவு சுத்தமான சங்கதி இல்லை. டொட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்காக மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் திருட்டுத்தனமாக விரிக்கும் வலைகளில் சிக்கித்தான் வாகிட்டா என்ற சிறிய ஓங்கில் இனம் அழிவின் விளிம்புக்கு வந்திருக்கிறது. பிறந்தநாள் மேசையில் இதையெல்லாம் பேச முடியுமா?)

காற்றுப்பை பஞ்சு மாதிரி. தனக்கென்று ருசியில்லை, ஆனால் ஊற்றிய சாற்றையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கடித்தால் முதலில் வழுக்குகிறது, அப்புறம் சாறு கசிகிறது. முற்றிய கோழி, பன்றி எலும்பு, சீனாவின் ஜின்ஹுவா நகரில் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கிற சாறு அது. நாம் கொடுக்கும் பணம் அந்தச் சாற்றுக்கும், உலர்ந்த பையை ஊறவைத்துப் பக்குவப்படுத்திய உழைப்புக்கும், பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் நடக்கும் அந்த வழுக்கலுக்கும்தான். ருசியை மட்டும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

வாத்து வந்தது. தோலுக்கும் சதைக்கும் நடுவில் காற்றை ஊதி, வெந்நீர் ஊற்றி, மால்ட் பாகு தடவி, உலரவிட்டுச் சுட்டது. தள்ளுவண்டியில் கொண்டுவந்து கண்ணெதிரே சீவினார்கள். எல்லாருடைய செல்போனும் மேலே எழுந்தது. முதல் துண்டுத் தோலைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றது நன்றாக இருந்தது. மற்றபடி அது பெய்ஜிங்காரர்களின் பெருமை, பாதி நாடகம்.

மீன்தான் விருந்து. மெனுவில் அதற்கு விலை போடவில்லை, அன்றைய சந்தை விலை என்று மட்டும் இருந்தது. ஒரு களவாய் மீனை உயிரோடு வலைப்பையில் கொண்டுவந்து காட்டினார்கள். பெரியவர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அதே மீன் சிறிது நேரத்தில் ஆவியில் வெந்து திரும்பியது. மேலே இஞ்சி, வெங்காயத்தாள், அவற்றின்மேல் சுடச்சுட ஊற்றிய எண்ணெய், அடியில் சோயா. வேறு எதுவும் இல்லை, ஒளித்துக்கொள்ள இடமும் இல்லை. அரை நிமிடம் கூடினால் சதை வறண்டுவிடும். பெரியவர் முதல் வாய் எடுப்பதற்கு முன் சாப்ஸ்டிக்கால் முதுகெலும்போரம் பிளந்து பார்த்தார். சதை எலும்பை இன்னும் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. 'சரி' என்பதுபோல் முனகினார். அந்தச் சமையலறைக்கு அன்று கிடைத்த சான்றிதழ் அதுதான். மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டவில்லை, முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டார்கள். புரட்டினால் படகு கவிழும் என்பது மீனவர்களின் நம்பிக்கையாம்.

மீனின் கன்னத்துச் சதை விரல்நுனி அளவுதான் இருக்கும். அதைப் பெரியவர் பொதுச் சாப்ஸ்டிக்கால் எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். ஒரே தட்டில் பல பேர் கைவைப்பதைப் பற்றி 1915-லேயே கவலைப்பட்டவர் வூ லியென்-தே. பினாங்கில் பிறந்தவர், 1910-11-இல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கிய மருத்துவர். தட்டுகளைச் சுழலும் பலகையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி போடலாம் என்று யோசனை சொன்னார். இன்று சீன உணவகங்களின் வட்டமேசையில் அப்படியொரு பலகை சுழல்கிறது. அதற்கும் மரியாதை உண்டு. இன்னொருவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது சுழற்றக்கூடாது. அதை மறந்து இறாலைத் தன் பக்கம் இழுத்த பேரனுக்கு நான்கு திசையிலிருந்தும் முறைப்பு.

சாதம் எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். இத்தகைய விருந்தில் சோறும் நூடுல்ஸும் கடைசியில்தான். பிறந்தநாளுக்கு நீள நூடுல்ஸ், ஆயுளும் நீள வேண்டும் என்று. வெட்டாமல் உறிஞ்ச வேண்டும். பிறகு பீச் பழ வடிவத்தில், இளஞ்சிவப்பு பூசிய பன், உள்ளே தாமரை விதை விழுது. எனக்கு ஒன்றில் பாதிதான் இறங்கியது.

பில்லுக்கு அப்பாவும் சித்தப்பாவும் எழுந்து நின்றே மல்லுக்கட்டினார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுத்தார். தோழியின் அண்ணன் எப்போதோ கழிவறைக்குப் போகிற சாக்கில் கார்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தோற்ற சித்தப்பா கோபத்தோடு என்னைப் பார்த்து, அடுத்த விருந்து என்னுடையது, நீயும் வருகிறாய் என்றார். போவேன். வாத்தை விட்டுவிட்டு மீனுக்கு இடம் வைத்துக்கொள்வதாக உத்தேசம்.