பிடிக்காத இயக்குநரைக் கையோடு கொண்டுபோங்கள்

போன வாரம் கடிதம் வந்துவிட்டது. இடம் கிடைத்தாயிற்று. திரைப்படத் துறை நேர்காணலுக்கு எப்படித் தயாரானாய் என்று சிங்கப்பூர்த் தேசிய சேவை முகாமில் கூட இருந்த தம்பிகள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், தனித்தனியாகச் சொல்லி மாளாது. படிவம், ஏ நிலை மதிப்பெண், போர்ட்ஃபோலியோ நீளம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக அந்த அறைக்குள் வருகிறேன்.

"பிடித்த இயக்குநர் யார்?" கட்டாயம் வரும். வெளியே காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். வோங் கார்-வாய், நோலன், மறுபடியும் வோங் கார்-வாய். நான் காசு கட்டிப் போன பயிற்சி வகுப்பிலும் இதே பட்டியல்தான் கொடுத்தார்கள். அந்தக் காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வோங் கார்-வாய் எனக்கும் பிடிக்கும். ஆனால் காலையிலிருந்து அதே பெயரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமையையும் யோசியுங்கள்.

எனக்குக் கைகொடுத்தவர் எனக்குப் பிடிக்காத ஓர் இயக்குநர்: டெரன்ஸ் மாலிக்.

அவருடைய 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' 2011இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது கைத்தட்டலும் எழுந்தது, கேலிக் கூச்சலும் எழுந்தது. கடைசியில் விழாவின் உச்ச விருதான தங்கப் பனையும் அதற்கே போனது. நான் கூச்சல் போட்ட கட்சி. இதைச் சொன்னதும் நேர்காணல் எடுத்த மூவரில் நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "பிடிக்காதவருடைய படங்களை ஏன் இத்தனை பார்த்தாய்?"

இந்தக் கேள்விக்காகத்தான் தயாராகிப் போயிருந்தேன். எரிச்சல் எந்தப் படத்தில் ஆரம்பிக்கிறது என்று தேடிப் பார்த்தேன் என்றேன். 'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) எனக்கு எரிச்சல் தரவில்லை. அதிலும் பின்னணிக் குரல் உண்டு. ஆனால் பேசுவது ஒரு சிறுமி. பெரியவர்கள் செய்வதில் பாதி அவளுக்கே பிடிபடாது, ஏதோ தோன்றியதைச் சொல்லிக்கொண்டு போவாள். பிற்காலப் படங்களில் அந்தக் குரல் காதில் மந்திரம் ஓதுவது போல ஆகிவிடுகிறது. 'தி நியூ வோர்ல்ட்' (2005) முதல் ஒளிப்பதிவாளர் இமானுவேல் லுபெஸ்கி சேர்ந்த பிறகு, கேமராவும் ஆட்களைச் சுற்றி மிதக்கத் தொடங்குகிறது. ஒரு முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறது. எனக்கு நின்று பார்க்க வேண்டும்.

"அவரிடமிருந்து ஒன்றே ஒன்றைத் திருடலாம் என்றால்?"

அந்தி வெளிச்சம் என்றேன். 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தைக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எடுத்தார்கள். பல காட்சிகள் சூரியன் இறங்கி இருட்டுவதற்கு முந்தைய 20, 25 நிமிடங்களில் எடுத்தவை. அதற்காக ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், ஏழு மணிவாக்கில் சூரியன் இறங்கினால் சட்டென்று இருட்டிவிடும். என் குறும்படத்தை தோ பாயோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்தேன். மதியமே நடிகர்களை நிற்க வைத்து ஒத்திகை முடித்து, அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டே ஷாட். அதற்குப் பிறகு போர்ட்ஃபோலியோவைப் பற்றித்தான் பேச்சு முழுக்க. திட்டிக்கொண்டே என் படத்துக்குள் அவர்களைக் கூட்டிவந்துவிட்டேன்.

நான் வாயாடி. சண்டை போட்டால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அமைதியான ஆட்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டால், வரவழைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி சில்லறை விஷயங்கள்:

- பிடிக்காதவருடைய படங்களில் குறைந்தது மூன்றையாவது பார்த்திருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டுத் திட்டினால் வம்பு.
- "போர் அடித்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஷாட், எங்கே வெட்டு, என்ன சத்தம் என்று சொல்லுங்கள்.
- "புரியாதவர்கள்தான் திட்டுகிறார்கள்" என்பதும் வேண்டாம். அன்டோனியோனியின் 'லாவென்துரா' 1960இல் கானில் கேலிக்கு ஆளாகி, அதே விழாவில் நடுவர் விருது வாங்கியது. கூச்சல் போட்டவர்களும் சினிமா தெரிந்தவர்கள்தான்.
- டேனிஷ் இயக்குநர் லார்ஸ் வான் டிரியரைத் தொட்டால் 2011இல் கான் அவரை வரக்கூடாது என்று அறிவித்த கதையிலேயே நேரம் போய்விடும். படத்தைப் பேச முடிந்தால் மட்டும் தொடுங்கள்.
- தூங்குங்கள்.

பிடித்தவர் என்று சாய் மிங்-லியாங்கைச் சொன்னேன். கூச்சிங்கில் பிறந்து தைவானில் படம் எடுப்பவர். பாதிப் பேர் கும்பிடுவார்கள், பாதிப் பேர் எழுந்து போவார்கள். 'குட்பை, டிராகன் இன்' (2003) தைப்பேயில் ஒரு பழைய தியேட்டரின் கடைசி இரவு. முடிவில் டிக்கெட் விற்கும் பெண் பெருக்கிவிட்டுப் போன பிறகும் வெற்று நாற்காலிகளை நிமிடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருப்பார். முகாமிலிருந்து விடுப்பில் வந்த ஒரு சனிக்கிழமை அம்மா என்னோடு உட்கார்ந்து பார்த்தார். "ஏன்டா, நெட் போயிடுச்சா?" என்றார். இதை நேர்காணலில் அப்படியே சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த ஷாட்டை எந்த இடத்தில் வெட்டுவாய் என்று கேட்டார்கள். வெட்டமாட்டேன் என்றேன். ஏன் என்று விளக்கத்தான் திணறல். ஆனாலும் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: இங்கே தமிழில் என்ன பார்த்திருக்கிறாய்? தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வரும். சென்னைப் படங்களுக்குத் தாவாதீர்கள். எரிக் கூவின் 'மை மேஜிக்' தமிழ் பேசும் சிங்கப்பூர்ப் படம், 2008இல் கானின் போட்டிப் பிரிவில் இருந்தது. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' 2016இல் அங்கே விமர்சகர் வாரம் என்ற பிரிவுக்குப் போனது. இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள். புரொஜெக்டர் என்ற தியேட்டர் 2025இல் மூடியபின் பெரிய திரைக்கு கேனிங் ரைஸின் ஓல்டம் தியேட்டர்தான் எனக்கு. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நடத்துகிறது. நிகழ்ச்சி நிரலை இப்போதிருந்தே பார்த்து வையுங்கள். நேர்காணல் வாரத்தில் தேடினால் உங்களுக்கு வேண்டிய படம் அங்கே ஓடாது.